‘கட்’ சொன்ன பிறகு

மார்ச் 2, சனி

மதிப்பிற்குரிய ஒளிப்பதிவாளர் மாப்பிள்ளை அவர்களுக்கு,

மூன்று தெரு தள்ளி இருக்கிற ஆளுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று எனக்கு ஒன்றும் ஆசையில்லை. ஃபோன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் பேசி முடிப்பதற்குள் வைத்துவிடுகிறாய். சரி, தங்கச்சியிடம் சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தால் அவள், "உங்க ரெண்டு பேர் சண்டையையும் நான் வாயால சுமக்க முடியாது. எழுதிக் குடுங்க, பையில போட்டு எடுத்துட்டுப் போறேன்" என்கிறாள். உன்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்னாலும் அவள் இப்படித்தான் இருந்தாள், அதனால் உன்மேல் அந்தப் பழியைப் போடவில்லை.

நடந்ததை எழுத்திலேயே வைக்கிறேன், நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக்கூடாது. பிப்ரவரி 25, ஞாயிறு. ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி நாம் எடுத்த படத்தின் கடைசிக் காட்சி. மகளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த அப்பா, ஆளில்லாத வீட்டில் நாற்காலியில் உட்காருகிறார். அவ்வளவுதான் காட்சி. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை நம் அப்பா ஏழு தடவை உட்கார்ந்தார். நான் ‘ஆக்‌ஷன்’ என்றும் ‘கட்’ என்றும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. சாயங்காலம் உன் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், முதல் துண்டில் அப்பா வீட்டுக் கூரை. இரண்டாவது துண்டில் என் செருப்பு!

‘ஆக்‌ஷன்’ சொன்னதிலிருந்து ‘கட்’ சொல்லும்வரை ஒன்றுமே பதிவாகவில்லை. ‘கட்’ சொன்னதிலிருந்து அடுத்த ‘ஆக்‌ஷன்’ வரைக்கும் எல்லாம் பதிவாகியிருக்கிறது. ஓட வைக்கவும் நிறுத்தவும் ஒரே சிவப்புப் பொத்தான். காலையில் யாரோ ஒரு தடவை கூடுதலாக அழுத்தியிருக்கிறார்கள், அதன் பிறகு நாள் முழுக்கத் தலைகீழ். கேமரா யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

30ஆம் தேதி நூலக மாடியில் திரையிடல். அப்பா முப்பத்தொரு பேரை அழைத்திருக்கிறார். பஸ் டிப்போவில் கூட வேலை பார்த்தவர்கள், முடிவெட்டுகிறவர், மருந்துக் கடைக்காரர், எல்லாரும் குடும்பத்தோடு. மறுபடி எடுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. "படம்தான் முடிஞ்சுதே" என்று செவ்வாய்க்கிழமை போய் நாற்பது வருஷ மீசையை மழித்துவிட்டு வந்து நிற்கிறார்.

யாராவது போய் அவரிடம் சொல்லியாக வேண்டும். அந்த யாராவது நீதான்.

இப்படிக்கு,
உன் மனைவியின் அண்ணன் (இப்போதைக்கு)


மார்ச் 4, திங்கள்

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்களுக்கு எல்லாமே குளோசப்தான், கோபம்கூட.

கேமரா என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். பதிவாகும்போது முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டச் சொன்னது யார்? "அப்பா கண்ணாடியில சிவப்பா தெரியுது" என்று குதித்தது யார்? அந்தக் கண்ணாடியை, வெளிச்சமே பட்டுத் திரும்பாது என்று சத்தியம் செய்து விற்றது நீங்கள் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடை.

நான் என்ன கேட்டேன்? வீட்டு நடையின் கோடியில் ஸ்டாண்டைப் போட்டுக் கேமராவைக் கண் உயரத்துக்கு வைப்போம், அப்புறம் யாரும் தொட வேண்டாம் என்றேன். அவர் வரட்டும், உட்காரட்டும். வீடு பெரிதாகவும் அவர் சின்னதாகவும் தெரிந்தால் போதும். "நாடகம் பாக்கற மாதிரி இருக்கும்" என்றீர்கள். உங்களுக்கு முகம் வேண்டும், கண் வேண்டும், கண்ணில் தண்ணீர் வேண்டும். சரி, முகத்தில் தொடங்கிப் பின்னால் போவோம் என்றேன். "பின்னால போனா பயந்து ஓடற மாதிரி இருக்கும்" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? "டிராலி எதுக்கு, ஜூம் பண்ணிக்கலாமே" என்றும் கேட்டீர்கள். மச்சான், ஜூம் என்பது உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது. டிராலி என்பது எழுந்து பக்கத்தில் போவது. அது புரியட்டும் என்றுதான் பலகையும் எட்டுச் சக்கரமும் பதினெட்டு அடிக் குழாயும் வாங்கி இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அந்த வண்டியைச் செய்தேன்.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். "பாஸ்போர்ட் போட்டோக்காரனுக்கு எதுக்கு சினிமா" என்று என் பெண்டாட்டி முன்னால் சொன்னீர்கள். பதினான்கு வருஷமாக நான் எடுப்பது பாஸ்போர்ட் போட்டோதான். நேராகப் பாருங்கள், காது தெரியட்டும், சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அதில்தான். எனக்கு ரொம்ப வலித்தது.

அப்பாவிடம் நான் சொல்ல மாட்டேன். ஏழாவது டேக் முடிந்ததும் "கலக்கிட்டீங்கப்பா!" என்று கட்டிப்பிடித்தவர் நீங்கள். உங்கள் அப்பா, நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாஸ்போர்ட் போட்டோக்காரன்


மார்ச் 9, சனி

மாப்பிள்ளை,

முதலில் அந்த வார்த்தை. என் வாய் இருக்கிறதே, அதற்கு ஒரு கதவு வைத்திருக்கலாம். தப்பு என்மேல்தான். மன்னித்துவிடு. இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அப்பாவிடம் சொல்லத்தான் போனேன். மீசை இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் போல இருக்கிறார். கண்ணாடி முன்னால் நின்று ஏதோ பயிற்சி. "என்னப்பா பண்றீங்க?" என்றேன். "கைதட்டினா எழுந்து நிக்கணுமா, உக்காந்தே கும்பிடணுமாடா?" என்று கேட்கிறார். "எழுந்தே நில்லுங்கப்பா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை இன்னொரு யோசனை வந்தது. சிரிக்காதே. நாடகக்காரர்களுக்கு ஒப்பனைச் சாமான் விற்கும் கடையில் ஒட்டு மீசை வாங்கினேன். "கைவசம் ஒரு ஷாட் கூடுதலா இருக்கட்டும்பா" என்று அப்பாவை உட்கார வைத்து என் ஃபோனிலேயே எடுக்கப் பார்த்தேன். பேன் பண்ணலாம் என்று அவர் நடக்கிற பக்கம் மெல்லத் திருப்பினால், அவர் போய்ச் சேர்ந்த பிறகு நான் போய்ச் சேருகிறேன், நடுவில் வெறும் சுவர். டில்ட் என்று பாதத்திலிருந்து மேலே ஏற்றினேன். முகத்துக்கு வரும்போது மீசை ஒரு பக்கம் தொங்குகிறது. கீழே படுத்து லோ ஆங்கிளும் எடுத்தேன். அதில் தெரிவதெல்லாம் இரண்டு மூக்குத் துவாரம்தான். நீ எப்படித்தான் கை ஆடாமல் பிடிக்கிறாய்? நிஜமாகவே கேட்கிறேன், எழுது.

மாப்பிள்ளை, இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டினவர் அவர். ஏறுகிறவனும் இறங்குகிறவனும் அவர் முதுகைத்தான் பார்த்தான், ஒருத்தனும் திரும்பி நின்று கைதட்டினதில்லை. முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்க்க முப்பத்தொரு பேர் வருகிறார்கள். அங்கே முகமே இல்லை என்று நான் எந்த வாயால் சொல்வேன்? ராத்திரி தூக்கமே இல்லை.

உன்,
மச்சான்


மார்ச் 12, செவ்வாய்

மச்சான்,

முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். மூச்சைப் பாதி விட்டுவிட்டுப் பிடியுங்கள். நடந்தால் முட்டியைக் கொஞ்சம் மடக்கி நடங்கள். பேன் பண்ணும்போது அவருக்குப் பின்னால் ஓடாதீர்கள், அவருக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு அவரோடு போங்கள். மற்றபடி ஒட்டு மீசையைப் பற்றி உங்கள் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா ஸ்டூடியோவுக்கு வந்தார். நோட்டீஸில் போட ஒரு படம் வேண்டுமாம். சொல்லிவிடலாம் என்று நானும் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "மாப்ள, பையன் டைரக்‌ஷன், நீ கேமரா, பொண்ணு எடிட்டிங்கு. மூணு பேரும் ஒரே வேலையில இருக்கீங்க. எனக்கு இதுக்கு மேல என்ன வேணும் சொல்லு" என்றார். நேராகப் பாருங்கள் மாமா என்று சொல்லிப் படமெடுத்து அனுப்பிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாம் இரண்டு துண்டைப் பார்த்ததுமே சண்டைக்குப் போய்விட்டோம், மீதியை யாரும் பார்க்கவில்லை. உங்கள் தங்கச்சிதான் எதையும் முழுசாகப் பார்க்காமல் எறிய மாட்டாளே. இன்று மத்தியானம் லேப்டாப்போடு ஸ்டூடியோவுக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கி, "உக்காருங்க, பேசாதீங்க" என்றாள்.

ஐந்தாவது டேக் முடிந்த பிறகு பதிவானது. டிராலி முன்னால் போய் முடிந்த இடம் அல்லவா, அதனால் எடுத்த எடுப்பிலேயே மாமாவின் முகம், இரண்டடி தூரத்தில். ‘ஆக்‌ஷன்’ சொன்னால் ஸ்டியரிங் பிடித்த மாதிரி விறைத்துப் போகிற முகம் அப்படியே தளர்கிறது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்கிறார். "சரியா வந்துச்சா பாப்பா?" என்கிறார். பதில் இல்லை. உங்கள் தங்கச்சி டீக்குப் பால் வாங்கப் போயிருந்தாள். நான் டிராலி வண்டியை விட்டு இறங்கி ஜன்னல் திரையைச் சரிசெய்யப் போயிருந்தேன். நீங்கள் வழக்கம்போல வண்டியில் கட்டிய கயிற்றைப் பிடித்து அதைத் தொடங்கிய இடத்துக்கு இழுக்கிறீர்கள். எப்போதும் வெடுக்கென்று இழுப்பவர், ஒரு கையில் பிஸ்கட் இருந்ததால் மெதுவாக இழுத்திருக்கிறீர்கள். வாயிலும் பிஸ்கட். அதனால்தான் சத்தமும் இல்லை.

படம் பின்னால் போகிறது மச்சான். முகம், அப்புறம் தோள், அப்புறம் நாற்காலி. பதினெட்டு அடி. நடை முழுக்கத் தெரிகிறது. "பாப்பா?" என்று இன்னொரு தடவை கூப்பிட்டுவிட்டு எழுகிறார். சமையலறையை எட்டிப் பார்க்கிறார். அறையை எட்டிப் பார்க்கிறார். "எங்க போயிட்டா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்து, முட்டியில் கையை ஊன்றி உட்காருகிறார். வண்டி கோடியில் வந்து நிற்கிறது. அவர் அங்கே சின்னதாக இருக்கிறார்.

நாம் ஏழு தடவை எடுத்தும் கிடைக்காதது இது. நான் அழுதேன், எழுதுவதில் வெட்கமில்லை. ஃபோகஸ் ஓர் இடத்தில் லேசாகப் போகிறது, பரவாயில்லை.

இரண்டு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். டேப் ஒட்டினாலும், பதிவாகிறதா இல்லையா என்று எனக்குக் கேமராத் திரையில் எழுத்தில் தெரிந்திருக்கும். எழுத்துகள் படத்தை மறைக்கின்றன என்று நானே அதை அணைத்து வைத்திருந்தேன். அது என் தப்பு. அதே சமயம், அன்றைய முதல் துண்டில் கூரைக்குக் கீழே ஒரு மூலையில் நான் தெரிகிறேன், மாமாவின் மூக்கிலிருந்து டேப் பிடித்துத் தூரம் அளந்துகொண்டு. கேமராவுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்கிறது: "இது என்ன பட்டன்? சூடா இருக்கே!"

அந்தக் குரல் யாருடையது என்று சொல்ல நான் விரும்பவில்லை.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


மார்ச் 14, வியாழன்

என் தங்க மாப்பிள்ளை,

நான்தான். நான்தான்! அந்தப் பட்டனை அழுத்தியது நான்தான், தலையில் வேண்டுமானால் கொட்டிக்கொள்கிறேன். தங்கச்சி நேற்று கடைக்கே லேப்டாப்பைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு வாடிக்கையாளருக்குப் பார்வை பரிசோதித்துக்கொண்டிருந்தேன். "இருங்க சார்" என்று அவரை எழுத்துப் பலகை முன்னால் உட்கார வைத்துவிட்டுப் பார்த்தவன் திரும்பியே போகவில்லை. பாவம் மனிதர், அவரே எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "யாரு சார் அந்தப் பெரியவர், மனசைப் பிசையறாரே" என்றார். எனக்குக் கண்ணாடி விற்கவா தோன்றும்?

பின்னால் போனால் பயந்து ஓடுகிற மாதிரி இருக்கும் என்று சொன்ன வாயை என்ன செய்வது? அப்படி இல்லவே இல்லை. நாம் பாட்டுக்குக் கிளம்பிவிட்டோம், அவர் அங்கேயே இருக்கிறார். எனக்கு அப்படித்தான் இருந்தது. பத்து வருஷம் முன்னால் தனி வீடு பார்த்துக்கொண்டு போனவன்தானே நானும்.

ஆனால் இப்போது வேறொரு பயம். அப்பா நடித்த ஏழு தடவையும் குப்பை, நடிக்காத ஒரு நிமிஷம்தான் படம். இதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார்? "என்னை ஏமாத்தி எடுத்துட்டீங்களா"ன்னு ஒரு வார்த்தை சொன்னால் நான் செத்தேன். முப்பத்தொரு பேருக்கு நடுவில் அவர் முகம் வாடிப்போனால் என்ன செய்வது? சனிக்கிழமை இரண்டு பேருமாகப் போய்ச் சொல்லிவிடுவோம். நான் ஆரம்பிக்கிறேன், நீ முடி.

ஒளிப்பதிவு என்று உன் பெயர்தான் வரும், அதில் பேச்சே கிடையாது.

உன்,
மச்சான்


மார்ச் 17, ஞாயிறு

மச்சான்,

நேற்று ஆளுக்கு மூன்று டம்ளர் டீ குடித்ததுதான் மிச்சம். நீங்கள் ஆரம்பித்தால்தானே நான் முடிக்க? "அப்பா, அது வந்து..." என்று நான்கு தடவை சொன்னீர்கள். நான்காவது தடவை அவர், "பாத்ரூம் அங்கதாண்டா இருக்கு" என்றார்.

உங்கள் தங்கச்சியிடம் சொன்னேன். "விடுங்க. ரெண்டு பேருக்கும் துப்பில்ல. படமே சொல்லிக்கட்டும். அப்பா கோவப்பட்டா நான் பாத்துக்கறேன்" என்கிறாள். சொன்னாளே தவிர அவளும் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அவருக்கு வலித்தால் அவளால் தாங்க முடியாது.

அந்த ஷாட்டுக்கு மட்டும் என் பெயர் வேண்டாம். நான் அப்போது ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். எடுத்தவர் நீங்கள்தான். ‘கயிறு: மச்சான்’ என்று வேண்டுமானால் போடச் சொல்லுகிறேன்.

மாப்பிள்ளை


மார்ச் 31, ஞாயிறு

மாப்பிள்ளை,

கடை முதலாளிக்கு இந்த நாள்தானா கிடைத்தது? கொள்முதலுக்கு என்று விடியற்காலைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டார். லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். கட்டில் ஆடுகிறது, மேசை அதைவிட ஆடுகிறது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கடைசிக் காட்சி வரப்போகிறது என்றதும் என்னால் உட்கார முடியவில்லை. நைஸாக எழுந்து வெளியே போய், நூலக வாசலில் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றுகொண்டேன். உள்ளே திடீரென்று ஒரு சிரிப்பு. கடைசிக் காட்சியில் என்னடா சிரிப்பு என்று எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் கைதட்டல் நின்றபாடில்லை. கதவைத் திறந்து உள்ளே வருவதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள், அப்பாவைச் சுற்றி ஒரே கூட்டம்.

யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு கதை. மருந்துக் கடைக்காரர் "கடைசியில சூப்பர் வசனம்" என்கிறார். நாம் எங்கே வசனம் வைத்தோம்? தங்கச்சிக்கு ஃபோன் போட்டால் சிரித்துச் சிரித்து அழுகிறாள், ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. அப்பாவோ, "நீதான் ஓடிப்போயிட்டியே, உனக்கு எதுக்குடா?" என்று வைத்துவிட்டார்.

உள்ளது உள்ளபடி சொல்கிறவன் நீ ஒருத்தன்தான். ஃபோனில் சொன்னால் நடுவில் நானே பேசிக் கெடுத்துவிடுவேன். என் படத்தின் கடைசிக் காட்சியை எனக்கு எழுதி, பஸ்ஸில் கொடுத்தனுப்பு. நான் திரும்ப வெள்ளிக்கிழமை ஆகும், அதுவரை பொறுக்க முடியாது.

உன்,
மச்சான்


ஏப்ரல் 2, செவ்வாய்

மச்சான்,

இருந்த இடத்திலிருந்து சொல்கிறேன். நான் நான்காவது வரிசையில், நடைபாதை ஓரம். எனக்கு இடது பக்கம் உங்கள் தங்கச்சி. அவளுக்கு அந்தப் பக்கம் மாமா, புதுச் சட்டையோடு. அவருக்கு முன்னால் மூன்று வரிசையில் அவருடைய முப்பத்தொரு பேர். எண்ணிப் பார்த்தேன், முப்பத்து நான்கு பேர் வந்திருந்தார்கள்.

திரையில் அவர் முகம் வந்ததும் நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். கண்ணாடியைத் துடைக்கிற இடத்தில் அவர் புருவம் சுருங்கியது. இப்படி ஒன்றைத் தான் நடிக்கவில்லையே என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உங்கள் தங்கச்சி என் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள், இன்னும் தடம் இருக்கிறது.

படம் பின்னால் போக ஆரம்பித்தது. திரையில் அவர் எழுந்து சமையலறையை எட்டிப் பார்த்தார். அறையை எட்டிப் பார்த்தார். "எங்க போயிட்டா" என்றார்.

மச்சான், உங்கள் தங்கச்சி அந்த இடத்தை லேப்டாப்பில் குறைந்தது நூறு தடவை பார்த்திருப்பாள். எத்தனை ஃபிரேம் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். அப்படிப்பட்டவள், அந்த இருட்டில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இங்கதான் இருக்கேன்பா!" என்று பதில் சொல்லிவிட்டாள்.

அதுதான் அந்தச் சிரிப்பு. மருந்துக் கடைக்காரருடைய வசனமும் அதுதான். கூடமே சிரித்தது, அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. திரையில் அவர் திரும்பி வந்து உட்காரும்போது, இங்கே அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நான் கூப்பிட்டப்போ எங்கடி போயிருந்தே?" என்றார், மெதுவாக.

"பால் வாங்கப் போயிருந்தேன்பா."

"சொல்லிட்டுப் போகக்கூடாதா? வீடு பூரா தேடினேன்" என்று அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் அவருக்கும் சிரிப்பு வந்தது. மீசை இல்லாததால் சிரிப்பு முழுசாகத் தெரிந்தது.

கைதட்டினார்கள். முப்பத்து நான்கு பேரும் எழுந்து நின்று, திரும்பி, அவர் முகத்தைப் பார்த்துத் தட்டினார்கள். எழுந்து நிற்கச் சொல்லி நீங்கள் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தீர்கள். அவர் எழவில்லை. எழுந்தால் அவள் கையை விட வேண்டியிருக்கும்.

மாப்பிள்ளை